மறுநாள் பொங்கல்

என் அன்பு அப்பாவுக்கு,

அங்கே உங்களை வண்டி ஓட்ட விடுகிறார்களா, இல்லை சும்மா உட்கார வைத்திருக்கிறார்களா? சும்மா இருந்தால் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. எதையும் துருவித் துருவிக் கேட்கிறேன் என்று எனக்கு ‘சி.ஐ.டி. ஆத்தா’ என்று பேர் வைத்தது நீங்கள்தானே? பதில் சொல்ல ஆளில்லை என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிடுவேனா?

கார்த்திகையில் உங்கள் தலைத்திவசம் முடிந்தது. ஜீப்பை விற்கவில்லை, தம்பி குமார்தான் இப்போது போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகிறான். நான் வாழ்க்கைப்பட்ட தேவாரம் ஊரில் எங்கள் மக்காச்சோளத்துக்குள் போன மாதம் யானை இறங்கியது. உங்கள் மருமகன் வெடி போட்டு விரட்டினார். தீபாவளி கொண்டாடாத வருடத்தில் என் வீட்டில் வெடித்த வெடி அது ஒன்றுதான்.

இன்னும் ஒன்பது நாளில் பொங்கல். நீங்கள் போன பிறகு நாங்கள் கொண்டாடப்போகும் முதல் பண்டிகை. அதை எந்த நாளில் வைப்பது என்பதுதான் பிரச்சினை. ஊரில் யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது. நமக்கு வரும்.

பண்டிகையன்றுதான் மலைக்கு ஏறவும் இறங்கவும் ஆள் நெரிபடும். நீங்கள் ஜீப்போடு மேலேயே கிடந்துவிட்டு மறுநாள் விடிந்துதான் வருவீர்கள். அதனால் நம் வீட்டில் எல்லாமே ஒருநாள் தாமதம். ஊரே மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசும்போது நாம் பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டுவோம். தெருவில் வெடித்த காகிதக் குப்பையைக் கூட்டும்போது நாங்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்போம். பிள்ளையார் சதுர்த்திக்குக் கடையில் மிஞ்சிய பிள்ளையார்தான் நமக்கு. ஒரு வருடம் தும்பிக்கை உடைந்தவர் வந்தார். நீங்கள் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஒட்டி, “இப்ப பாரு, நம்ம பிள்ளையாருக்குத்தான் மணம் ஜாஸ்தி” என்றீர்கள். ஆயுத பூஜை மட்டும் சரியான நாளில் நடக்கும். பொட்டு வைக்காமல் வண்டியை எடுக்க மாட்டீர்களே!

“நம்ம வீட்ல ஜீப்புக்கு மட்டுந்தான் நல்ல நாள்ல பண்டிக” என்று குமார் புலம்புவான்.

“பண்டிக எங்க ஓடிறப் போகுது? ஒருநா கழிச்சுக் கூப்பிட்டா வரமாட்டேன்னா சொல்லுது?” என்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போடிக்கு, நம் வீட்டுக்குப் போயிருந்தேன். நானும் குமாரும் பேசி, உங்கள் நினைவாக இனி எப்போதும் மறுநாளே வைப்பது என்று முடிவெடுத்தோம். என்னவோ பெரிய காரியம் செய்துவிட்ட முகத்தோடு அம்மாவிடம் போய்ச் சொன்னோம். அம்மா பாசிப்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கு மறுநா வேணாம். ஒரு வருசமாச்சும் தெருவோட சேந்து பொங்க வைக்கணும். எல்லாரு வாசல்லயும் பொங்கையில நம்ம பானையும் பொங்கணும். கலியாணமாகி ஒருக்கா கூட அது நடக்கல.”

குமார்தான் கேட்டான்: “ஏம்மா, இத அப்பாகிட்டச் சொல்லவே இல்லையா?”

“சொன்னா அன்னைக்கே வண்டிய நிறுத்திருவாரு. பொழப்பக் கெடுக்கவா? அதான் சொல்லல” என்று மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் நான் சும்மா இருப்பேனா? மறுநாள் காலையில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், உங்கள் கூட்டாளி பாண்டி மாமாவைப் பிடித்தேன். பண்டிகையன்று மேலே என்னதான் செய்வீர்கள், வேறு டிரைவர்களே கிடையாதா என்று கேட்டேன்.

“இல்லாம என்னத்தா? உங்கப்பாதான் ராத்திரி ட்ரிப்ப எல்லாம் கேட்டு வாங்கிக்கிருவாரு. ‘நீங்க வெரசா வீடு போய்ச் சேருங்கப்பா, என் வீட்ல அவளுக்கு மறுநாதான் புடிக்கும், தலைதீபாவளிக்கே சொல்லிட்டா’ம்பாரு. அவரு புண்ணியத்துல நாங்க புள்ளகுட்டியோட இருந்தோம்.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். பொழுது சாயும்போது, மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன், நீங்கள் போடிமெட்டு டீக்கடைப் பக்கம் ரோட்டோரமாக நின்று கீழே பார்ப்பீர்களாம். ஏதோ ஒரு வெளிச்சத்தைக் காட்டி, அதுதான் என் வீடு என்பீர்களாம். “ஒவ்வொரு தடவையும் வேற வேற வெளிச்சத்தக் காட்டுவாரு. நாங்களும் ஆமா ஆமாம்போம்” என்று சிரித்தார் மாமா.

இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வீடு வரும்வரை யோசித்தேன். அடுப்படியில் அவளைப் பார்த்ததும், ‘அவளுக்கு மறுநாதான் புடிக்கும்’ என்று நீங்கள் சொல்லிவந்ததை முதலில் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

“தலைதீபாவளிக்கு மறுநா விடிஞ்சு வந்து எங்க வீட்டு வாசல்ல நிக்கிறாருடி, மூஞ்சி செத்துப்போயி. எங்க அப்பா ஏதும் ஏசிருவாரோன்னு நாந்தான் முந்திக்கிட்டு, ‘எனக்கு இதான் புடிச்சிருக்கு, கூட்டமில்லாம’ன்னேன். ஆறுதலுக்குச் சொன்னது. கூறுகெட்ட மனுசன், அதப் போயி…”

முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

ஏன் அப்பா, அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடமா நம்பினீர்கள்? ஒருநாள்கூட அம்மா முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லையா? வந்தும் கேட்கப் பயந்தீர்களா? உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நானும் குமாரும் ஆறிப்போன அதிரசத்தைத் தின்று வளர்ந்திருக்கிறோம். கோபம் கோபமாக வருகிறது. நீங்கள் எதிரில் இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். ஆனால் அந்த மறுநாள்களில் நாம் சிரித்தது எதுவும் பொய்யில்லை, இல்லையா?

மற்றதையும் அம்மாவிடம் சொன்னேன், டீக்கடையையும் வெளிச்சத்தையும். முந்தானையை இறக்கிவிட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அங்கருந்து நம்ம வீடு தெரியுமாடி?”

எனக்குத் தெரியவில்லை அப்பா. அதையும் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் அம்மா தெருவோடு சேர்ந்து பொங்கல் வைப்பாள். குலவை போடும்போது எங்கள் சத்தம் மேலே வரைக்கும் கேட்கும், பாருங்கள். மறுநாள் சாயங்காலம் அந்தப் பொங்கலில் கொஞ்சத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, குமார் ஜீப்பில் அம்மாவைப் போடிமெட்டுக்குக் கூட்டிப் போகிறேன். நீங்கள் நின்ற இடத்திலேயே அவளை நிறுத்துகிறேன். நம் வீடு தெரிந்தால் சரி. தெரியாவிட்டாலும், ஏதாவது ஒரு வெளிச்சத்தைக் காட்டி, அதுதான் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்,
சி.ஐ.டி. ஆத்தா