செவிடு என்று கூப்பிட்டவள்

ஜூன் 3

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு நன்றாக இல்லை. காரணம் நீ.

லீவில் வந்து, என் வேலையிடத்தை ஒரு மதியம் எட்டிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போனதும் எங்கள் சலவைக்கூடத்து மேலாளருக்குப் புகார் எழுதியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலாளர் என்னை அறைக்கு அழைத்து நாற்காலி போட்டபோதுதான் எனக்கே தெரியும். குனிந்து, வாயை அகலத் திறந்து, நீளமாக ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உதட்டைப் பார்த்தால் "மாத்திரை நாளை" என்பதுபோல இருந்தது. "எனக்கு எந்த மாத்திரையும் வேணாங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். கடைசியில் தாளில் எழுதிக் காட்டினார். மாற்றுத்திறனாளி. நான்தானாம் அது.

வெண்கலத்தை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். அன்று உன்னைக் கண்டதும் "ஏ செவிடு, உன் மக வந்திருக்கா பாரு" என்று கத்தினாளாமே, அவள்தான் வெண்கலம். குரலுக்காக வைத்த பெயர். குரல் எப்படி என்று எனக்குத் தெரியாது, சொல்லக் கேள்வி.

அவளும் நானும் ஜோடி. ஆஸ்பத்திரி விரிப்புகளை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி மடிப்போம். எதிரும் புதிருமாக நிற்பதால் அவள் உதடு எனக்கு நேரே இருக்கும். அவள் வீட்டுச் சண்டை, மருமகள் பற்றிய குறை, மேலாளரின் தொப்பை, எல்லாம் விரிப்போடு சேர்ந்து மடிந்துவிடும். இப்போது எதிரே ஒரு புதுப் பெண் நிற்கிறாள். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயந்து வாயையே திறப்பதில்லை. தரையைப் பார்த்து மடிக்கிறாள். நான் யாரிடம் பேசுவது? தலையணை உறையிடமா?

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். சொல்லக் கூடாதவை இந்தப் பக்கம், சொல்ல வேண்டியவை அந்தப் பக்கம். என்னை அழைக்கத் துண்டை எறியக் கூடாது, தோளைத் தொடக் கூடாது. சுற்றி வந்து முன்னால் நின்று கையை உயர்த்த வேண்டும். இத்தனை வேலையில் யார் சுற்றி வருவார்கள்? காவலாளியை எல்லோரும் குட்டை என்போம். இப்போது உயரம் குறைந்தவராம். "முன்னாடி யாரும் என் உயரத்த நெனைக்கல. இப்ப ஒவ்வொருத்தனும் ஒரு தடவை அளந்து பாத்துட்டுத்தான் பேசுறான்" என்று புலம்புகிறார்.

அடுத்த மாதம் விசாரணை. வெண்கலத்தின் வேலை போய்விடும்போல இருக்கிறது. இந்த வயதில் அவளை வேறு எவன் எடுப்பான்? உடனே புகாரைத் திரும்ப வாங்கு.

இப்படிக்கு,
உன் செவிட்டு அம்மா

ஜூன் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் படிக்க இரண்டு நாள் ஆனது. என்னைச் சீண்டத்தான் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று தெரியும்.

புகாரைத் திரும்ப வாங்கமாட்டேன். உனக்குத் தெரிந்தது உதடு. எனக்குத் தெரிந்தது குரல். அன்று சாப்பாட்டு நேரம், இயந்திரங்கள் நின்றிருந்தன. அந்த அம்மாள் அப்படிக் கத்தியதும் கூடமே சிரித்தது. நீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிபன் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். தெருவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது பின்னாலிருந்து வரும். "செவிடி மக போறா டோய்." நீ நேரே பார்த்து நடந்துகொண்டிருப்பாய். நான் கேட்டுக்கொண்டே வருவேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் உனக்கும் தெரிந்துவிடுமே. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே கேட்டேன் அம்மா. இனிமேல் கேட்க முடியாது.

அந்தத் தாளில் எழுதியது எல்லாம் சரி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை போகட்டும்.

அன்புடன்,
மகள்

ஜூன் 20

அன்புள்ள மகளுக்கு,

சிரிப்பு எனக்குத் தெரியாது என்று உனக்கு யார் சொன்னது? எதிரே வருகிறவர்களின் கண் என்னைத் தாண்டிப் பின்னால் போய்விட்டு வரும். அதே நேரம் உன் விரல் என் கைக்குள் இறுகும். இதைவிட ஒருத்திக்கு என்ன கேட்க வேண்டும்? தெரிந்துதான் நேரே பார்த்து நடந்தேன். நான் திரும்பியிருந்தால் நீயும் திரும்பியிருப்பாய்.

அது போகட்டும். தெருவில் போகிற பயல் சொன்னதும் வெண்கலம் சொல்வதும் உனக்கு ஒன்றாகிவிட்டதா? நான் அவளை எப்படி அழைப்பேன் என்று விசாரித்தாயா? ஓட்டைவாய் என்பேன். அதற்கு யாரும் சுவரில் தாள் ஒட்டவில்லை. வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதே. உதட்டில் அம்மாவும் அப்பாவும் ஒரே மாதிரிதான் இருக்கும். குழந்தையில் நீ முதலில் எதைச் சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தன்னைத்தான் முதலில் கூப்பிட்டாய் என்று உன் அப்பா சாகும்வரை சாதித்தார். அதற்காக நான் உனக்குப் பால் கொடுக்காமல் விட்டேனா?

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவள். எழுத்தையும் உதட்டையும் நானாகவே கற்றுக்கொண்டேன். எனக்கு என்ன பெயர் என்பதை மட்டும் மற்றவர்கள் சொல்லித் தருகிறார்கள்.

மேலாளர், பாதிக்கப்பட்டவர் என்று கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். "எனக்கு ஒரு பாதிப்பும் இல்ல. பாதிக்கப்பட்டவ காது உள்ளவ, வெளியூர்ல இருக்கா. அவளக் கூட்டிட்டு வாங்க" என்றேன். உனக்கு அழைப்பு வரும். வா. வந்து வெண்கலத்தின் முகத்துக்கு நேரே சொல். அவள் உனக்குப் பெரியம்மா முறை, அதையும் நினைவில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் செவிட்டு அம்மா
(மறுபடியும் மடித்து வைக்காதே.)

ஜூலை 15

மகளுக்கு,

வந்தாய், போனாய். பேருந்து ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

விசாரணை அறைக்கு வெளியே நீயும் வெண்கலமும் பார்த்துக்கொண்டீர்கள். இரண்டு முகமும் தெரியும்படி பெஞ்சில் இடம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்ததும் இருவரும் சொல்லிவைத்ததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நீ ஒருமுறை கண்ணைத் துடைத்தாய். பிறகு உள்ளே போனாய், புகாரைத் திரும்ப வாங்கினாய், வெளியே வந்தாய். அவள் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் என்ன பேசினீர்கள்?

வீட்டில் உன்னைக் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அவளைக் கேட்டேன். "உன் மகளையே கேளு" என்று விரிப்பை உதறுகிறாள். அதைவிடக் கொடுமை, இப்போது என்னை அக்கா என்கிறாள். என்னைவிட மூத்தவள்! யார் சொல்லிக்கொடுத்தது?

என் பெயரைப் பற்றி என் கண் முன்னாலேயே, எனக்குத் தெரியாமல் முடிவு செய்திருக்கிறீர்கள். மரியாதையாகப் பேசச் சொல்லித் தாள் ஒட்டிய இடத்தில் எனக்கு நடந்த மரியாதை இது. பேசியதை ஒன்று விடாமல் எழுது. எழுதும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது.

அம்மா

ஜூலை 24

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதிவிடுகிறேன். உன்னோடு முடியாது.

நீ சொன்னபடி முகத்துக்கு நேரே சொன்னேன். "எங்கம்மாவ அப்படிக் கூப்பிடாதீங்க. எனக்கு வலிக்குது." அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. "சரி. வீட்டுல நீ அவள எப்படிக் கூப்பிடுவே?" என்றார்.

அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் உன்னைக் கூப்பிட்டதே இல்லை அம்மா. தரையை மிதிப்பேன். விளக்கை அணைத்துப் போடுவேன். தோளைத் தொடுவேன். நீ திரும்பியபிறகுதான் அம்மா என்பேன். தூரத்திலிருந்து ஒருநாளும் இல்லை. கேட்காத ஒருத்தியை எதற்குக் கூப்பிடுவது என்று இருந்துவிட்டேன்.

"நான் கூப்பிடுவேன்" என்றார் அவர். "கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு தடவை கூப்பிட்டுட்டுத்தான் துண்ட எறிவேன். அவ என்ன கல்லா, மரமா?"

நான் கண்ணைத் துடைத்தது அப்போதுதான். ஜன்னல் பக்கம் முதலில் திரும்பியதும் நான்தான். பேச ஆரம்பிக்கும்போதே அழுதுவிடுவேன் என்று தோன்றியது, நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அவர் எனக்காகத் திரும்பினார்.

அந்த வார்த்தை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதையும் சொன்னேன். "உனக்குப் பிடிக்கலன்னா விட்டுடறேன், வேற யோசிக்கிறேன்" என்றார். அக்கா என்பது அவர் யோசித்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
மகள்

ஆகஸ்ட் 2

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இதை அன்றே சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை ரத்தக்கொதிப்பு வந்திருக்காது.

அக்கா என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்றும் அவளோடு அதற்குச் சண்டை. சுவரில் ஒட்டிய தாளையும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ புகார் எழுதியதும் தப்புதான். அதில் மாற்றம் இல்லை.

அடுத்த தடவை வரும்போது தரையை மிதிக்காதே, கீழ்வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள். வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிடு. நான் திரும்பமாட்டேன். அதற்காகக் கூப்பிடாமல் உள்ளே வராதே. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று என்னிடம் கேட்டு எழுதாதே, அதையுமா நான் சொல்லித் தரவேண்டும்?

இப்படிக்கு,
உன் அம்மா