முற்றுப்புள்ளி இல்லாத பக்கங்கள்

குருநகர்,
தவக்காலம்.

அன்பு மகள் நிரோஜினிக்கு,

புனித யாகப்பர் துணையில் அப்பாவும் நானும் இங்கே சுகமாயிருக்கிறோம், அந்த மலைநாட்டுக் குளிரில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்கவேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், அதனால்தான் எழுதி, இன்றிரவு பஸ்ஸில் அனுப்பும் கருவாட்டுப் பார்சலுக்குள் வைக்கிறேன். அப்பாவின் படகு எஞ்சின் திருத்தியாயிற்று, காற்று விட்டதும் தொழிலுக்குப் போவார். கம்பஸில் அந்த நாவல் பாடத்தை விட்டு வேறு பாடம் எடுக்கட்டுமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தாய். முற்றுப்புள்ளியே இல்லாத பக்கத்தை வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதையும், எங்கே மூச்சு விடுவதென்று தெரியாமல் நீ நடுவில் நின்றதையும், பின்வாங்கில் இருந்த பிள்ளைகள் சிரித்ததையும் பிரகாஸ் மாமாவிடம் சொன்னேன். "விளங்காத புத்தகத்தைப் படிச்சு ஆருக்கு லாபம் அக்கா, எங்கடை ஆக்களுக்கு உது சரிவராது" என்றான். எனக்குச் சுட்டுவிட்டது. "எங்கடை ஆக்கள் எண்டால் ஆரடா, உன்னை மாதிரிப் பள்ளிக்கூட மதில் பாய்ஞ்ச ஆக்களோ" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. வருகிறபோது வரட்டும்.

நீ போனில் அனுப்பிய பக்கங்களை நானும் வாசித்தேன். ஒருத்தி கிணற்றடியில் நிற்கிறாள், அடுத்த வரியில் அவளுடைய செத்துப்போன தாய் கதைக்கிறாள், அதற்கடுத்து கலியாண வீடு, ஒன்றும் பிடிபடவில்லை. ஞாயிறு பின்னேரம் கத்தரீனா மாமி வீட்டில் ஆண்டவரின் பாடுகளைப் பசாம் படிக்கக் கூடியிருந்தோம். முடிந்ததும் போனை மாமியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் பசாம் படிக்கும் அந்த ஒப்பாரி இராகத்திலேயே தொடங்கிவிட்டார். பசாமில் ஒருத்திக்கு மூச்சு முட்டும் இடத்தில் அடுத்தவள் ஏந்திக்கொள்வாளே, அப்படியே போன் கைமாறி எல்லாவற்றையும் படித்து முடித்தோம். நடுவில் கறிக்கு உப்புக் காணாது என்று வந்த வரியையும் மாமி அழுதழுது இழுத்தார், சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்துவிட்டது. எல்லாம் விளங்கியது என்று பொய் சொல்லமாட்டேன். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்றுதான் அந்தப் பெண் நிறுத்தாமல் கதைக்கிறாள் என்று எனக்குப் பட்டது. மாமி, "போடி, அவளுக்குப் பயித்தியம்" என்றார். பிறகு, "மிச்சத்தை எப்ப அனுப்புவாளாம்" என்றும் கேட்டார்.

ஆனபடியால் பிள்ளை, பாடம் மாற்ற எனக்குச் சம்மதமில்லை. பிடிக்கவில்லை என்று விட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், நீ சிரிப்புக்குப் பயந்தல்லவா விடப் பார்க்கிறாய். நீ கூச்சக்காரி என்று பெற்றவளுக்குத் தெரியாதா, கூச்சத்தோடேயே எழும்பு. மூச்சு முட்டினால் ஆறுதலாக மூச்செடு, அவர்கள் காத்திருக்கட்டும். பெயில் வந்தால் அதோடு வீட்டுக்கு வா, இந்த வீட்டில் ஒருவரும் உன்னை ஒரு சொல் சொல்ல நான் விடமாட்டேன்.

கருவாட்டைக் காற்றுப்படாமல் மூடிவை, அறைப்பிள்ளைகளுக்கும் கொடு. மாதா உன் தலையில் கைவைத்துக் காப்பாற்றட்டும். வெள்ளிக்கிழமை ஆர் கேட்டாலும் இதையே படிக்கிறேன் என்று சொல், அம்மா சொன்னதாகச் சொல்லாதே, நீ சொல்வதாகச் சொல்.

உன் அம்மா,
மரியகொறற்றி