பத்து மணி வகுப்பில் மூன்று பேர்

மார்சிலிங்,
சிங்கப்பூர், 10 ஆகஸ்ட் 2025

மகள் ரக்ஷனாவுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா உன்னோடு போனில் பேசும்போது சமையலறையில் நின்று தெரிந்துகொள்கிறேன். பாத்திரம் கழுவுவது போல நிற்பேன். ஒரே தம்ளரை எத்தனை தடவைதான் கழுவுவீங்க என்று போன வாரம் கேட்டேவிட்டாள்.

உனக்கு வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என் நம்பரை நீ பிளாக் செய்திருப்பதாக உன் தங்கை சிவானி சொன்னாள். செய்தது தப்பென்று சொல்ல வரவில்லை. கடிதத்தை பிளாக் செய்ய முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடலாம். அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

விஷயம் இதுதான். டிசம்பரில் நாங்கள் மூவரும் ஜப்பானுக்குப் பனிச்சறுக்க வருகிறோம். நீ வேலை பார்க்கும் அதே மலைக்கு. விளையாட்டில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று, திருப்பித் தரமாட்டார்களாம், அதனால் இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது.

முதலில் ஒரு பயண ஏஜென்சியில் விசாரித்தேன். அந்தப் பெண் சொன்ன தொகையில் சிவானியை பாலிடெக்னிக் முடிக்கவைத்துவிடலாம். சரிதான் போ என்று நானே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக நேர அட்டவணைப்படி பஸ் ஓட்டுகிறவனுக்கு ஒரு பயணத்தைத் திட்டம் போடத் தெரியாதா? மலையடிவார ஹோட்டல் வேண்டாம். ஊருக்குள் ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில் மூவருக்கும் ஒரே அறை, தரையில் மெத்தை. காலையில் மலைக்கு இலவச பஸ் போகிறது. டிசம்பர் நடுவில் பெரிய சரிவுகளைத் திறக்கமாட்டார்களாம், அடியில் உள்ள ஒரே ஒரு சரிவுதான். கெட்டிக்காரர்கள் அப்போது வரமாட்டார்கள், அதனால் எல்லாமே மலிவு. எங்களுக்கு ஒரு சரிவு போதும். அதையே முழுசாக இறங்குவோமா என்பது சந்தேகம். பலகை, பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். ஐந்து நாளில் இரண்டு நாள்தான் சறுக்கல். மிச்ச நாள் சும்மா நின்று பனியைப் பார்ப்பதற்குக் காசா கேட்கப்போகிறார்கள்?

டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு உங்கள் பனிச்சறுக்குப் பள்ளியில் தொடக்கநிலை வகுப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு விண்ணப்பப் படிவம் வேண்டும் என்று பள்ளிக்கு எழுதியிருக்கிறேன். யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆடிட் வேலையை விட்டுவிட்டுப் பனியில் சறுக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்ற அன்று நான் பேசியதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. போனா அப்படியே போயிடு, இந்தக் கதவு இனிமே உனக்குத் திறக்காது என்றேன். அந்தக் கதவில் பாதி என் பேர்ல இருக்கு என்று உன் அம்மா அன்றைக்கே எனக்குச் சொல்லிவிட்டாள்.

உன்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. வருகிறோம் என்று தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

பனியில் பார்த்து நட.

உன் அப்பா,
மருதப்பன்


மார்சிலிங்,
26 அக்டோபர் 2025

அன்புள்ள ரக்ஷனா,

உன்னிடமிருந்து கடிதம் வரும் என்று லெட்டர்பாக்ஸைத் தினமும் திறந்து பார்த்ததில் சாவியே தேய்ந்துவிட்டது. கடிதம் வரவில்லை. பள்ளியின் படிவம் வந்தது. மூலையில் உன் கையெழுத்து. 'ஜீன்ஸ் போட்டு வராதீங்க. நனைஞ்சா விறைச்சிடும்.' அவ்வளவுதான். அன்புள்ள அப்பாவும் இல்லை, இப்படிக்கும் இல்லை. ஆனாலும் பள்ளியில் வேறு யாரும் இதைத் தமிழில் எழுதியிருக்க முடியாது. எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். நான் ஜீன்ஸைத் தொடவே போவதில்லை.

லீவு கிடைத்த கதையைக் கேள். எங்கள் டெப்போவில் நீண்ட லீவுக்கு வருஷ ஆரம்பத்திலேயே குலுக்கல். எனக்கு விழுந்தது மே மாதம். டிசம்பர் மூன்றாம் வாரம் ரவூப்புக்கு விழுந்திருந்தது. உனக்குத் தெரியுமே, பதினோரு வருஷமாக அவன் நோன்புப் பெருநாளுக்கு நான் ஓட்டுவேன், என் தீபாவளிக்கு அவன் ஓட்டுவான். இந்த வருஷம் அவன் பெருநாளுக்கு ஓட்டி முடித்துவிட்டேன். என் தீபாவளிக்கு நீ ஓட்ட வேண்டாம், நானே ஓட்டிக்கொள்கிறேன், உன் டிசம்பரைக் கொடு என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். 'என்ன மருது, அம்பத்தேழு வயசுல சறுக்கப் போறியா? இடுப்பு தாங்குமா, லா?' என்றான். பிறகு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, எந்த மலை என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அப்படித்தான் இந்தத் தீபாவளிக்கு விடியற்காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டைக்குப் பதிலாக யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பஸ் எடுத்தேன். நல்ல நாளும் அதுவுமா என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் டிபன் பாக்ஸில் அதிரசம் வைத்துக் கொடுத்தாள். தேக்கா கடைத்தெருவுக்குப் போகிற கூட்டம் பட்டும் பூவுமாக ஏறியது. உன் உயரத்தில் ஒரு பெண், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'ஹேப்பி தீபாவளி அங்கிள்' என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் போய்விட்டாள். அடுத்த நிறுத்தத்தில் கண்ணாடியில் அவளைத் தேடினேன், பாப்பா.

இப்போது என் புத்திசாலித்தனத்தையும் கேட்டுக்கொள். தேக்காவில் ஒரு கடையில் குளிர் ஜாக்கெட்டைப் பாதி விலைக்குப் போட்டிருந்தான். தீபாவளிக்கு ஒரே துணியில் எல்லோருக்கும் எடுப்போமே, அந்தப் பழக்கத்தில் மூன்றும் ஒரே நிறமாக அள்ளிக்கொண்டு வந்தேன். வெள்ளை. சிவானி பையைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'அப்பா, snow என்ன colour?' என்றாள். அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்து கிடந்தா ஏப்ரல் மாசம் பனி உருகினப்புறம்தான் நம்மள எடுப்பாங்க என்கிறாள். கடைக்காரன் மாற்றித் தரமாட்டான், தள்ளுபடிச் சரக்காம். நானா விடுவேன்? டெப்போவில் கழித்துப்போட்ட ஆரஞ்சு வெஸ்ட் மூன்று கேட்டு வாங்கிவந்தேன், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்தது. அந்தப் பட்டைகளை ஆரஞ்சுத் துணியோடு வெட்டி, முதுகிலும் கையிலும் அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள். பனிச்சறுக்க வந்தவர்கள் மாதிரி இருக்காது, ரோடு போட வந்தவர்கள் மாதிரிதான் இருப்போம். ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் நாங்கள்தான் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

பயிற்சியும் நடக்கிறது. தினமும் நம் அடுக்குமாடி புளோக்கில் பன்னிரண்டு மாடியும் படியில் ஏறி இறங்குகிறேன். பின்னால் இருக்கும் புல்மேட்டில் பக்கவாட்டில் கால் வைத்து ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறேன், சிவானி வீடியோவைப் பார்த்துச் சொல்லச் சொல்ல. பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பிரேக்கே கிடையாதாம், இரண்டு பலகையின் நுனியையும் சேர்த்து பீட்சாத் துண்டு மாதிரி வைக்க வேண்டுமாம். பிரேக் இல்லாத எதிலும் நான் இதுவரை ஏறியதில்லை. பரவாயில்லை, ஏறுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீ புறப்பட்ட அன்று எனக்கு வேலை இருக்கிறது, விமான நிலையத்துக்கு வர முடியாது என்றேனே, அது பொய். அன்றைக்கு எனக்கு ஓய்வு நாள். இன்னொருவர் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். உன் விமானம் கிளம்புகிற நேரத்தில் யீஷூனில் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தேன். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். அன்றைக்கு நான் உன்னை வழியனுப்ப வந்திருக்க வேண்டும்.

குளிர ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
அப்பா


மார்சிலிங்,
30 நவம்பர் 2025

கண்ணு பாப்பா,

நிரப்பிய படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பள்ளி அலுவலகத்தில் நீயே கொடுத்துவிடுவாய் என்ற நம்பிக்கையில் உன் பெயருக்கு அனுப்புகிறேன்.

பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் கேட்டிருந்தார்கள். தரையில் காகிதம் விரித்து, குதிகாலைச் சுவரில் ஒட்டிவைத்து அளந்தோம். எடை கேட்ட இடத்தில்தான் வீட்டில் சண்டை. அம்மா ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். பலகையிலிருந்து பூட்ஸ் எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த எடையை வைத்துத்தான் சரிசெய்வார்கள், பொய் சொன்னா கால் போயிடும்மா என்று சிவானி விளக்கினாள். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதி, மடித்து, ஸ்டேப்லர் அடித்துக் கொடுத்திருக்கிறாள். அதை நீ மட்டும் பிரிக்க வேண்டுமாம்.

ரைஸ் குக்கர் எடுத்துக்கொள்கிறோம், சின்னது. ஊறுகாய், பொடி, மேகி. உனக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்றாயாம். தண்ணீர்க் குழாய் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். அம்மா நெத்திலி மிளகாய்ச் சம்பல் ஒரு பாட்டில் செய்துவைத்திருக்கிறாள்.

இந்த வருஷம் அங்கே பனி தாமதம் என்று சிவானி போனைக் காட்டுகிறாள். பதினெட்டாம் தேதிக்குள் விழாமலும் போகலாமாம், சரிவைத் திறக்கவே மாட்டார்களாம். போகட்டும். பனி விழாவிட்டாலும் வருவோம். வெறும் புல்லாக இருந்தாலும் வருவோம்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். இந்தப் பத்தியை அவள் பார்க்காமல்தான் உறையை ஒட்டுவேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி மதியம், உட்லண்ட்ஸில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தேன். தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து இரண்டு அழைப்பு, ஒரு குரல் பதிவு. உங்கள் பள்ளியிலிருந்து. நீ விழுந்துவிட்டாய், மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது, மருத்துவமனையில் இருக்கிறாய் என்று. திருப்பி அழைத்தேன். ஒருவர் எடுத்து, கட்டுப் போட்டாயிற்று, பயமில்லை, பேசுகிறீர்களா, போனைக் கொடுக்கவா என்று கேட்டார். வேண்டாம், நான் கூப்பிட்டதைச் சொல்லவும் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன பிறவியோ நான்.

எப்படி என் நம்பர் கிடைத்தது என்று மட்டும் அவரிடம் கேட்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது நீ நிரப்பிக் கொடுத்த படிவத்தில் இருந்ததாம். அவசரம் என்றால் யாரை அழைப்பது என்ற கட்டத்தில். அம்மா நம்பர் இல்லை, என் நம்பர். போனில் என்னை பிளாக் செய்தவள், அந்தக் கட்டத்தில் என்னை எழுதி வைத்திருக்கிறாய்.

காலி பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த டிரிப்பை நான்கு நிமிஷம் தாமதமாக எடுத்தேன், பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஆனதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் நல்லா இருக்கேன்மா என்று சொன்னதைக் குழாயடியில் நின்று கேட்டேன். நீ அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எந்த மலையில் விழுந்தாய், அங்கே எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் திட்டம். குடும்பத்தோடு பனி பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் சிவானி குதித்தாள். அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்தாள்.

கை இப்போது முழுசாக மடங்குகிறதா? காலையில் வலிக்கிறதா? குளிரில் பழைய முறிவு குத்தும் என்று ரவூப் சொன்னான். யாருக்கு என்று அவனிடம் சொல்லவில்லை.

எங்கள் படிவத்திலும் அந்தக் கட்டம் இருக்கிறது. ஜப்பானில் அவசரம் என்றால் யாரை அழைப்பது. அங்கே எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். பெயர், ரக்ஷனா மருதப்பன். நம்பர், அம்மா போனிலிருந்து பார்த்து எழுதினேன். உறவு என்று கேட்ட இடத்தில் யோசிக்காமல் மகள் என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். அவர்களுக்குப் புரியாது, நீ சொல்லிவிடு.

பத்து மணி வகுப்பு உன்னுடையதாக இருந்தாலும் சரி, வேறு யாருடையதாக இருந்தாலும் சரி, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் வந்து நிற்போம். மூன்று பேர், வெள்ளை ஜாக்கெட், முதுகில் ஆரஞ்சுப் பட்டை. பேச வேண்டும் என்றில்லை. வேலை இருந்தால் பார்த்துக்கொண்டே போய்விடு. அந்தக் கட்டத்தில் உன் பெயரை மட்டும் அடித்துவிடாதே, கண்ணு.

இப்படிக்கு,
தொடக்கநிலை மாணவன்,
உன் அப்பா