ஜஸ்ட் இந்தப் பக்கமாக

ஓட்லி, யார்க்‌ஷயர்
12 ஏப்ரல் 1987

அன்புள்ள வினி,

இங்கே நலம். நீயும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? வெலிங்டன் காற்று உன் வீட்டுக் கூரையை இன்னும் விட்டுவைத்திருக்கிறது என்று நம்புகிறேன்.

என் அகராதி வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த முறை பதிப்பாசிரியர் என்னிடம் ஒப்படைத்த சொல் 'ஜஸ்ட்'. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். குளிர்காலம் முழுவதும் அதனோடுதான் குடித்தனம். 'ஜஸ்ட் வந்தான்' என்றால் இப்போதுதான் வந்திருக்கிறான். 'ஜஸ்ட் வருகிறேன்' என்பவன் இன்னும் கிளம்பவே இல்லை. ரயிலை ஜஸ்ட் பிடித்தவன் நூலிழையில் தப்பியவன். பக்கத்து வீட்டு டோரீன் "ஜஸ்ட் ஒன்னு" என்று மூன்றாவது கேக் துண்டை எடுக்கும்போது அதற்கு 'மட்டும்' என்று பொருள். இவற்றையெல்லாம் ஒருவழியாக வகைப்படுத்திவிட்டேன்.

அடங்காதது ஒன்றே ஒன்று. தனக்கென்று பொருளே இல்லாமல், பின்னால் வரும் பெரிய விஷயத்தைச் சிறிதாக்கிக் காட்ட நாம் போட்டுக்கொள்கிற 'ஜஸ்ட்'. அம்மா உன்னைப் பார்க்கிற ஆசையில் அடிக்கடி பயண ஏஜென்சிக்குப் போய், "நியூசிலாந்துக்கு டிக்கெட் எவ்வளவுன்னு ஜஸ்ட் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேம்ப்பா" என்பாளே, அது.

க்ளெமென்ட் ஹோல்ராய்டைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. மாவட்டத்தின் சாலைப் பொறியாளர். மனைவியை இழந்தவர். நூலகத்தில் பழக்கம். போன இலையுதிர் காலத்திலிருந்து வியாழன்தோறும் கதவைத் தட்டுகிறார். "ஜஸ்ட் இந்தப் பக்கமா போய்க்கிட்டிருந்தேன், எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்கிறார். நம் சந்து உனக்குத் தெரியும். நம் வீட்டோடு முடிகிறது, அப்புறம் ஆறுதான். எந்தத் தெரு எங்கே முட்டி நிற்கிறது என்று இந்த மாவட்டத்தில் அவரைவிட அறிந்தவர் கிடையாது. டோரீன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏம்மா ஹெஸ்டர், அந்த மனுஷன் இந்தப் பக்கமா எங்கதான் போறாரு? நீச்சலுக்கா?" என்று கேட்பாள். நான் உள்ளே போய் அவருக்குத் தேநீர் போடுவேன்.

மார்ச் கடைசியில் வந்தவர் தேநீரைத் தொடவே இல்லை. ஸ்காட்லாந்தில், இன்வர்னெஸ்ஸில், பெரிய வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். "ஜஸ்ட் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு" என்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நம்மை வளர்த்த வளர்ப்பு இருக்கிறதே! நான் வாழ்த்துச் சொன்னேன். "ரொம்ப சந்தோஷங்க. அந்த ஊர் உங்களுக்கு ஒத்துக்கும்" என்றேன். "ஒத்துக்கும்தான்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்ட டோரீன் கையிலிருந்த துணிக்கூடையைக் கீழே வைத்தாள். "வாழ்த்தா சொன்ன? படிச்சவதானே நீ? போகாதேன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு வந்திருக்கான் அந்த ஆளு, நீ வழியனுப்பி வச்சிருக்க!"

திங்கள் காலை அவரைத் தேடிப் போனேன். மார்க்கெட் தெருவில் சாக்கடைக் குழிக்குள் நின்றிருந்தார். மேலே ஒருவன் துளைபோடும் இயந்திரத்தால் தார்ச்சாலையை உடைத்துக்கொண்டிருந்தான். போகும் வழியெல்லாம் நாகரிகமான ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன், வினி. உங்கள் முடிவில் தலையிடுவதாக எண்ண வேண்டாம் என்று தொடங்கும். அந்த இரைச்சலில் அதில் பாதிகூட எடுபடவில்லை. அவர் காதில் கை வைத்து "என்னங்க?" என்றார். சுருக்கிச் சொன்னேன். "என்னது?" இன்னும் சுருக்கினேன். கத்தும்போது மரியாதைச் சொற்களுக்கு இடமிருப்பதில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரே சொல்தான்.

"போகாதீங்க!"

அவர் கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"மாட்டேன். உங்களுக்குக் கேட்டுடுச்சு."

"எனக்கே கேட்டுச்சு சார்," என்றான் இயந்திரக்காரன். "மேடம் தொண்டை புண்ணாகிடப் போவுது. சட்டுனு பதிலச் சொல்லிட்டு ஏறி வாங்க."

அவர் முழங்கால்வரை சேறோடு ஏறி வந்தார். அன்று மாலையே வீட்டுக்கும் வந்தார். ஏன் வந்தேன் என்று காரணம் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் இல்லை.

திருமணத்தைப் பற்றிய என் கருத்து உனக்குத் தெரியும். விவாகரத்துப் புள்ளிவிவரங்கள் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனாலும் ஜூன் இருபதாம் தேதி பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் குறித்திருக்கிறது. கேக் டோரீனுடையது, அவளே தின்று தீர்க்காமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

'ஜஸ்ட் உனக்குத் தெரியப்படுத்தலாம் என்று' எனத் தொடங்கி முதலில் ஒரு தாள் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மாவை அடக்கம் செய்தபோதும் நான் உன்னைக் கூப்பிடவில்லை. தூரம், செலவு, பிள்ளைகள் என்று உனக்கான காரணங்களையும் நானே எழுதி அனுப்பினேன். இந்த முறை எதுவும் எழுதப் போவதில்லை.

வா, வினி.

அன்புடன்,
உன் அக்கா
ஹெஸ்டர்