ஒரு அடி ஸ்டூல்

2024 ஜூன் 3, திங்கள்

நான் வேலை பார்க்கும் தேனாம்பேட்டைத் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் இன்று ஒரு கோப்பு கொடுத்தார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்ற சட்டம். கேரளத்துக் கடைப் பெண்கள் போராடி 2018-ல் அங்கே சட்டமாகி, மூன்றே வருடத்தில் மலை தாண்டி இங்கேயும் வந்துவிட்டது! மூன்று முறை படித்தேன். தி.நகர் ஜவுளிக்கடையில் பதினாறு வருடமாக நிற்கும் என் அம்மாவுக்காகவும் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 4

அம்மா காலில் தைலம் தேய்த்தபடியே சிரித்தாள். "ஸ்டூலெல்லாம் எப்பவோ குடுத்துட்டாங்கடி. அதுல பிளவுஸ் பிட் அடுக்கி வெச்சிருக்கோம்."

ஏன் உட்காரவில்லை?

ஜூன் 9, ஞாயிறு

மகள் என்று காட்டிக்கொள்ளாமல் கடைக்குப் போனேன். கூட்டம் குறைந்ததும் அம்மா துணியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ஆளையே காணவில்லை! ஸ்டூல் ஒரு அடி. கவுண்டர் என் மார்பு வரை, அதன்மேல் புடவைக் குவியல் வேறு.

சூப்பர்வைசர் அய்யாதுரை தூரத்திலிருந்து கத்தினார். "காட்டன்ல ஆள் இல்லியா? கஸ்டமர் நிக்காங்கல்லா!"

"இங்கதாண்ணே இருக்கேன்." அம்மா துள்ளி எழுந்தாள்.

அட, உட்காராததற்குக் காரணம் இவ்வளவுதானா?

ஜூன் 13

நம் சட்டத்தைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்று எழுத, வேறு மாநில அதிகாரி ஒருவர் நாளை எங்கள் அலுவலகக் கூட்டத்துக்கு வருகிறார்.

"கடைப் பேர சொல்லிடாதடி. என் வேல போயிடும்" என்றாள் அம்மா.

நான் எங்கே பேசப் போகிறேன்? கூட்டத்தில் தண்ணீர் கேட்கவே வாய் வராது.

ஜூன் 14

பேசிவிட்டேன். "உக்காந்தாலும் ஆள் தெரியணும் சார்." கடைப் பேர் சொல்லவில்லை. வந்த அதிகாரி பேனாவை எடுத்தார் — "எவ்வளவு உயரம்?"

எங்கள் அலுவலகத் தலைவர் ஜெயபாரதி மேடம், "இத்தன நாள் இந்தக் குரல எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார்.

ஆகஸ்ட் 2

அந்த மாநிலத்துச் சட்ட வரைவு வந்திருக்கிறது. ஆறாம் பத்தியில், 'அமர்ந்திருக்கும் ஊழியர் வாடிக்கையாளரின் கண்ணில் படும் உயரத்தில் இருக்கை' என்று இருக்கிறது. எங்களுக்குப் பாஷை தெரியாத ஊரில், முகம் தெரியாத பெண்களுக்கு!

அம்மாவிடம் சொன்னேன். "நெசமாவா?" என்றாள். ஆறாம் பத்தியை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மறுபடி கடைக்குப் போனேன். பிளவுஸ் பிட்டெல்லாம் தரையில். இரண்டு மர ஸ்டூல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பார்சல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு. அய்யாதுரை தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மாவின் தலை தெரிந்தது. போய்விட்டார்.

கவுண்டரை நெருங்கினேன்.

"வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?" என்றாள் அம்மா, என்னைத் தெரியாதவள் போல.

எழுந்திருக்கவில்லை.