எலக்ட்ரீஷியன் வீட்டு ஜெபம்

மார்ச் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்தது. வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன யோசனை?" என்றாள் மனைவி.

யோசனையே இல்லை. அதுதான் விஷயம்.

தலைமை அலுவலகத்திலிருந்து போன். இருபத்துநாலாம் தேதி போதகர்கள் கருத்தரங்கில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: 'ஆடுகளை அறிந்த மேய்ப்பன்'. சரி என்றேன். எதற்கும் சரி என்றுதான் சொல்கிறேன்.

மார்ச் 7

வீடு சந்திப்பு. ஒரே மாலையில் ஐந்து வீடு. கடைசி வீடு எலக்ட்ரீஷியனுடையது. ஆலயத்தின் மைக் செட் அவர் பொறுப்பு. இந்தச் சபையில் என்னைக் கிண்டல் செய்யத் துணிகிற ஒரே ஆள்.

கண்ணை மூடினேன், வாய் தானாக ஓடியது. படுத்த படுக்கையாயிருக்கும் அவருடைய அம்மாவை எழுப்பி நடமாட வையும் ஆண்டவரே என்று உருக்கமாகவே வேண்டினேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். அவர்கள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தெருமுனை திரும்பியதும் மனைவி நின்றுவிட்டாள். "அந்தம்மா போன மாசமே இறந்துட்டாங்க. நீங்க மாநாட்டுக்குப் போயிருந்தப்போ. நான்தான் போன்ல சொன்னேனே."

சொன்னாள். "அப்படியா, பாவம்" என்று நானும் சொன்னேன். உதவிப் போதகர்தான் அடக்கம் செய்தார். எல்லாம் நினைவுக்கு வந்தது. ஜெபத்தின் நடுவில் யார் குறுக்கே பேசுவார்கள்? கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 11

எலக்ட்ரீஷியன் வரவில்லை. அவர் மனைவியும் பிள்ளையும் வரவில்லை. மைக் என் பிரசங்கம் முழுக்கக் கரகரத்தது.

"வேற சபைக்குப் போறதா பேச்சு," என்றார் செயலாளர். "சபை லெட்டர்பேடுல ஒரு வருத்தம் தெரிவிச்சிரலாமா பாஸ்டர்?"

வேண்டாம், நானே நேரில் போகிறேன் என்றேன். அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது.

மார்ச் 13

போகவில்லை.

மார்ச் 14

இன்றும் போகவில்லை. கருத்தரங்குக்குக் குறிப்பு எழுதினேன். 'உறவில்லாத தலைமை வெறும் உத்தியோகம்.' படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. யார் எழுதியது இது? எலக்ட்ரீஷியன் போய்விட்டால் இங்கே எனக்கென்று யார்?

மார்ச் 16

போனேன். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் போனேன் என்பதே உண்மை. வேதாகமத்தைக் கையில் எடுத்தேன். "அது இங்கயே இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் தன் அம்மா படுத்திருந்த இரும்புக் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாடகைக் கட்டில். இத்தனை நாள் தொட மனம் வரவில்லையாம். என் மேல்தான் தப்பு, மன்னிச்சிருங்க என்றேன். அவர் நிமிரவில்லை.

"உங்க ஜெபத்தைக் கேட்டுட்டு எம்பொண்ணு, பாட்டி எந்திரிச்சு வந்துருவாங்களாப்பான்னு கேக்குது. நான் என்ன சொல்ல பாஸ்டர்?"

பதில் இல்லாதபோது வழக்கமாகச் செய்வதைச் செய்யக் கண்கள் தாமாக மூடின.

"ஜெபம் பண்ணிராதீங்க. அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன். மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் கட்டில் சட்டம் மாட்டிக்கொண்டது. மூச்சு வாங்கிக்கொண்டு இருவரும் படியில் உட்கார்ந்தோம்.

"அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"உங்க பிரசங்கம் அவங்களுக்குப் பிடிக்காது. நீளம்பாங்க. ஆனா நீங்க தொண்டையைச் செருமினா, 'அந்தப் புள்ளைக்கு வெந்நீர் குடுக்க வீட்ல ஆளில்லையா'ன்னு கேப்பாங்க."

சிரித்தேன். அவரும் சிரித்தார், அப்படியே அழுதார். எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 18

வரவில்லை. எலக்ட்ரீஷியனின் காலி நாற்காலியைப் பார்த்தபடியே பிரசங்கம் செய்தேன். சுருக்கமாக முடித்தேன்.

மார்ச் 22

எலக்ட்ரீஷியன் போன் செய்தார். "நாளன்னிக்கு அம்மா கல்லறைல கல்லு வைக்கிறோம். ஜெபத்துக்கு உதவிப் பாஸ்டர் வர்றாரு. நீங்க அங்கி எல்லாம் மாட்டிக்காம சும்மா வாங்க."

அன்றுதான் கருத்தரங்கு. தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு, வர இயலாது என்றேன். நோட்டீஸ் அடித்தாகிவிட்டதாம். இனி என்னைக் கூப்பிடப் போவதில்லையாம். சரி என்றேன்.

மார்ச் 24

வெயில். கூட்டத்தின் கடைசியில் நின்றேன். உதவிப் போதகர் ஜெபித்தார், நான் ஆமென் சொன்னேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தாய்மாமா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவரு யாரு?" என்றார்.

எலக்ட்ரீஷியன் கல்லுக்குச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டு ஆளு மாமா." பிறகு என் பக்கம் திரும்பி, "சும்மா நிக்காதீங்க, அந்தத் தண்ணி வாளிய எடுத்துட்டு வாங்க."

எடுத்தேன். பாதித் தண்ணீர் செருப்பில் கொட்டியது. அழுகிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாமா வந்து வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.