அறுபத்தொரு தடவை திறந்த கதவு

2026 பெப்ரவரி 20, வெள்ளி. மாலை 7.10 முதல் 8.10 வரை. 61.

அறுபத்தொரு தடவை. சூஷிக் கடையில் மீன் வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் கதவை ஒரு மணித்தியாலத்துக்குள் அங்கே மீன் வெட்டுகிற அத்தான் திறந்த எண்ணிக்கை. போனில் தட்டித் தட்டி எண்ணினேன். குளிர்பதனப் பெட்டியின் கதவை நிமிடத்துக்கு ஒரு தடவை திறக்கிற மனிதனுக்கு அந்தக் கதவு எதற்கு இருக்கிறது என்றாவது தெரியுமா?

தவக்காலத்தின் முதல் வெள்ளி. சிலுவைப் பாதை முடிந்ததும் நேரே பலேர்மோவின் அல்பெர்கேரியாச் சந்துக்குள் இருக்கும் இந்தக் கடை. இறைச்சி கூடாது, மீன் கூடும், அதுவும் ஒரே விலைக்கு வேண்டியமட்டும். ஒறுத்தல் நாளில் ஒரு ஆள் இருபத்தெட்டுத் துண்டு விழுங்குவது எந்த வகை ஒறுத்தல் என்று பாதரிடம்தான் கேட்க வேண்டும்.

அத்தானின் மனைவி, என் அக்கா அற்புதமலர், வழக்கம்போல எல்லோருக்கும் சேர்த்து ஓடர் பண்ணினாள். விருந்து என்றால் கோப்பை வெறுமையாக இருக்கக் கூடாது அவளுக்கு. மிச்சம் விட்டால் துண்டுக்கு ஒரு யூரோ தனியாக எடுப்பார்கள். ஆகவே மிச்சமெல்லாம் என் கோப்பைக்கு.

"தம்பி, உந்த ரெண்டையும் தின்னு. காசெல்லே எடுப்பாங்கள்."

"நான் என்ன குப்பை வாளியே?"

"குப்பை வாளி இவ்வளவு கதைக்காது."

அவளின் மகள் கிளறா சிரித்தாள். எட்டு வயது, தாயின் வாய்.

சல்மன் மீன் சூடாக இருந்தது. சூடு என்றால் அடுப்புச் சூடல்ல. இருக்க வேண்டிய குளிர் இல்லை. பெட்டியின் டிஸ்பிளேயில் 3 பாகை. அந்தப் பெட்டியை ஜனவரியில் திருத்தியதே நான்தான். ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்தேன். கூலி எடுக்கவில்லை, அத்தானின் முகத்துக்காக. அவர் கதவைத் திறந்து திறந்து என் வேலையை நாசமாக்குகிறார்.

பெப்ரவரி 27, வெள்ளி.

தெர்மோமீற்றர் கொண்டுபோனேன். ரூனா மீன் துண்டுக்குள் குத்தினேன். 11.

கிளறா மேசைக்குக் கீழே ஒளிந்தாள். "மாமா, கே வெர்கோஞ்ஞா! எல்லாரும் பாக்கினம்."

பார்க்கட்டும். வெட்கப்பட வேண்டியது நானா, பதினொரு பாகையில் மீன் தருகிறவர்களா?

எழுந்து கவுண்டருக்குப் போய் அத்தானிடம் நேரே கேட்டேன். அவர் பேசாலைக்காரர். இருபது வயதுவரை கடலில் நின்றவர். கத்தியைக் கீழே வைக்காமல் சொன்னார்:

"மீன் குளிரேல்லை எண்டு நான் உனக்கு ஜனவரியிலயே சொன்னனான், பிறின்ஸ்."

"எதை வச்சுச் சொன்னீங்கள்?"

மீனைத் தொட்டுப் பார்க்கும் நடுவிரலின் புறத்தைக் காட்டினார். விரல்! நான் இரண்டு வருடம் படித்து, சோதனை எழுதி, சான்றிதழ் எடுத்து, கொம்பிறசருக்குள் கையை விட்டு வேலை செய்கிறேன். இவர் விரலைக் காட்டுகிறார்.

"அத்தான், டிஸ்பிளேல மூண்டு எண்டு கிடக்கு. கண் தெரியுதே?"

"அது மூண்டு எண்டு சொல்லும். மீன் வேற சொல்லுது."

"அப்ப மீனோட கதையுங்கோ. கதவை மட்டும் சாத்துங்கோ."

பக்கத்தில் நின்ற பரிமாறும் பெட்டைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிவிட்டது. அத்தானின் காது சிவந்தது. சிவக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி.

இன்று வெடித்தது. யன்னலோரம் இருந்த ஒரு குடும்பம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கே வந்துவிட்டது. ரூனா மண்ணிறம். தாய்க்காரி கத்தின கத்தில் வெளியே பலாறோச் சந்தைக்காரன்களே தோற்றுப்போவான்கள்.

முதலாளி சிஞ்ஞோரா லின் என்னைக் கூப்பிட்டார். பிறந்தது சீனாவில், வளர்ந்தது பலேர்மோவில். கோபம் வந்தால் தனிச் சிசிலியன். "பெட்டியைத் திருத்தினது நீ. பழுதா?"

"பெட்டியில் பழுதில்லை. மூன்று பாகை காட்டுகிறது. ஆளில்தான் பிழை. மணித்தியாலத்துக்கு அறுபத்தொரு தடவை திறக்கிறார், எண்ணினேன்."

இத்தாலியனில்தான் சொன்னேன். எல்லோருக்கும் விளங்கும்படி. அத்தான் மூன்று மீற்றர் தள்ளி நின்றார்.

அவர் ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்துப் பலகையில் வைத்தார்.

உண்மை உண்மைதான். சொந்தக்காரர் என்பதற்காகப் பௌதிகம் மாறாது.

மார்ச் 7.

அக்கா போனை எடுக்கவில்லை. நானும் இனி அடிக்கப் போவதில்லை.

மார்ச் 9, திங்கள்.

வேலைக்குப் புறப்படுகிற நேரம் அக்கா கதவில் நின்றாள். உள்ளே வரவில்லை. செருப்பும் கழற்றவில்லை.

"வேலைக் கொன்ராத்தோ இந்த மாசம் முப்பத்தோராம் தேதியோட முடியுது. அந்த மனுசி புதுசா எழுதித் தரமாட்டாவாம். ஏப்ரல் பதினாலு குவெஸ்தூராப் பொலிசில விசா பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வரச்சொல்லி இருக்கு. வேலைக் கடுதாசி இல்லாமல் அவர் என்னத்தைக் கொண்டுபோறது? உன்ர தெர்மோமீற்றரையோ?"

"அக்கா, உந்த மீனைத் திண்டு சனம் வருத்தம் வந்து கிடந்தா—"

"சனத்தைப் பற்றி உனக்கென்ன கவலை? உனக்கு நீ சரியா இருக்கவேணும். அவ்வளவுதான். சின்னனில இருந்து அதுதானே."

"நான் பொய் சொல்லேல்லை."

"ஓம். பொய் சொல்லேல்லை. அவரைக் கேக்க முதலே தீர்ப்புச் சொன்னனீ."

படியில் இறங்கிப் போனாள். அவளின் சத்தம் முழுக் கட்டடத்துக்கும் கேட்டிருக்கும். இதற்கு நான் என்ன செய்ய? கதவைச் சாத்தத் தெரியாதவனுக்காக நான் மன்னிப்புக் கேட்பதா?

மார்ச் 13, வெள்ளி.

சூஷிக் கடையில் நான் மட்டும். நாலு பேர் மேசையில் ஒரு ஆள். மிச்சத்தைத் தள்ளிவிட ஒருவரும் இல்லை, ஆகவே எட்டுத் துண்டோடு நிறுத்தினேன்.

அத்தானின் இடத்தில் புது ஆள். மணித்தியாலத்துக்குப் பதினாலு தடவைதான் திறக்கிறான். பார்த்தாயா!

சிஞ்ஞோராவிடம் கேட்டு, பெட்டிக்குள் நாணய அளவு பதிவுக்கருவி ஒன்றை வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறிக்கும். ஒரு கிழமை கழித்து எடுத்து, அச்சடித்து, அக்காவின் மேசையில் வைப்பேன். விரல் பெரிதா கருவி பெரிதா என்று பார்ப்போம்.

மார்ச் 20, வெள்ளி.

எடுத்தேன்.

சராசரி 9.6. ஒரு தடவைகூட 8க்குக் கீழே போகவில்லை.

கருவி பழுது என்று நினைத்தேன். வீட்டில் ஐஸ் தண்ணீருக்குள் போட்டுப் பார்த்தேன். 0.1. கருவி சரி.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. கதவை ஒருவரும் தொடவில்லை. பூச்சியம் தடவை. அன்றைக்கும் 8.9.

மார்ச் 22, ஞாயிறு.

எனக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தெரியும்.

ஜனவரியில் வெப்பநிலை பார்க்கும் பழைய சென்சர் அறுந்திருந்தது. என் வான் வண்டியில் இருந்த புதியதின் வயர் ஒன்றரை மீற்றர்தான். மீன் இருக்கும் பக்கம், காற்றுத் திரும்பி வருகிற வாயில் பூட்ட வேண்டும். எட்டவில்லை. குளிர்காற்று வெளியே வருகிற வாயிலேயே கட்டிவிட்டேன். அங்கே எப்போதும் மூன்றுதான் இருக்கும். அது மூன்று என்று சொன்னதும் கொம்பிறசர் நின்றுவிடும். மீன் கிடந்து வேகும். நாளைக்கு நீள வயரோடு வந்து மாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொன்னேன். எந்த நாளைக்கு?

இதை ஒரு பயிலுநர் செய்திருந்தால் நான் அவனை என்ன சொல்லியிருப்பேன்? எழுத முடியாத வார்த்தை சொல்லியிருப்பேன்.

அந்த அறுபத்தொன்று. இப்போது கண்ணுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் அத்தான் ஒரு தட்டை வெளியே எடுத்தார், கீழே ஐஸ் பெட்டிக்குள் வைத்தார், அங்கே குளிர்ந்த தட்டை மேலே ஏற்றினார். மீனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், மனுசன். நான் கதவை எண்ணினேன். கையில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. அவர் வேலை செய்த நாட்களில் ஒரே ஒரு குடும்பம்தான் முறைப்பட்டது. அவர் போன பிறகு ஐந்து என்று புது ஆள் சொன்னான்.

காலைப் பூசையில் எனக்கு மூன்று வாங்கு வரிசை முன்னால் அக்கா குடும்பம் இருந்தது. சமாதானம் சொல்லும் நேரம் கிளறா திரும்பினாள். அக்கா அவளின் தோளைப் பிடித்து முன்னுக்குத் திருப்பினாள். அத்தானின் நகமெல்லாம் மஞ்சள். சியாகுல்லித் தோப்பில் மண்டரின் தோடம்பழம் பறிக்கப் போகிறாராம். நாட்கூலி. கடுதாசி இல்லாத வேலை.

வயரை மாற்றுவது பத்து நிமிட வேலை. நாளை கடை பூட்டு. சர்வீஸ் என்று சொல்லித் கடைத் திறப்பை வாங்கி மாற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பெட்டி தானாகக் குளிரும். 'வாயு குறைந்திருந்தது' என்று சொன்னால் சிஞ்ஞோரா நம்புவார். அத்தானை மறுபடி கூப்பிடச் சொல்லலாம். நல்லவன் பெயரும் கிடைக்கும்.

சீ.

மார்ச் 26, வியாழன். மதியம் 2.40. வான் வண்டிக்குள்.

முற்பகல் போனேன். பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன், ஒன்றையும் தொடாமல் சிஞ்ஞோரா லின்னைக் கூப்பிட்டு வயரைக் காட்டினேன். புது ஆளும் பரிமாறும் பெட்டையும் நின்றார்கள். நிற்கச் சொன்னதே நான்தான். பிழை அத்தானில் என்று சொன்னது இத்தாலியனில். ஆகவே பிழை என்னில் என்பதையும் இத்தாலியனில் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சிஞ்ஞோரா குனிந்து வயரைப் பார்த்தார். பிறகு என் பெயரைக் கடைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்றார், மீன் மணத்துக்குப் பக்கத்தில். பிறகு, "உன் அத்தான் விமல் வந்தால் புதுக் கொன்ராத்தோவில் கையெழுத்து வைக்கிறேன். வருவானா என்று நீ போய்க் கேள்."

சியாகுல்லிக்குப் போனேன். தோப்பில் கூடைகளுக்கு நடுவே நின்றார். பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வயர், ஒன்றரை மீற்றர், திங்கட்கிழமை 8.9, எல்லாம்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது, அத்தான்."

"நான் உனக்குச் சொன்னது ஜனவரியில. இப்ப மார்ச் முடியுது."

"ஓம்."

"திருத்திப்போட்டியோ?"

"இல்லை. உங்களுக்குச் சொல்லிப்போட்டுச் செய்வம் எண்டு."

ஒரு மண்டரினை முறுக்கி அறுத்துக் கூடையில் போட்டார். "திருத்து. நாளைக்கு வாறன். விரலை வச்சுப் பாப்பன். குளிர்ந்திருந்தால் கையெழுத்து வைப்பன். இல்லையெண்டால் உன்ர டிஸ்பிளேயையும் கொண்டு நீ போ."

பழம் ஒன்றும் தரவில்லை. நியாயம்தான்.

இனிச் செய்ய வேண்டியது:

1. நான்கு மணிக்கு முன் மூன்று மீற்றர் வயர். உதிரிப்பாகக் கடையில் இல்லையென்றால் நகரம் முழுவதும் தேடுவது.

2. சென்சரை இருக்க வேண்டிய இடத்தில் பூட்டுவது. எத்தனை மணித்தியாலம் ஆனாலும்.

3. டிஸ்பிளேயில் கறுப்பு ரேப் ஒட்டுவது. நாளை ஒருவரும் இலக்கம் பார்க்கக் கூடாது. முக்கியமாக நான்.

4. அக்கா வீட்டுக்குப் போவது. கதவு திறக்காவிட்டால் படியில் நின்று சொல்வது. முழுக் கட்டடத்துக்கும் கேட்கட்டும்.

5. அத்தான் மீனில் வைத்த விரலை எடுக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது.